வீரத்துக்கு விலைச்சீட்டு

2025 அக்டோபர் 22 அன்று கத்தி விலை சரிந்தது. கணினித் திரையில் மட்டும் இருக்கும் கத்தி அது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சுடும் ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனம் ஒரு விதியை மாற்றியது. சிவப்புத் தரத் துப்பாக்கி ஸ்கின்கள், அதாவது துப்பாக்கிக்கான வண்ணப் பூச்சுகள், ஐந்தைக் கொடுத்தால் ஒரு கத்தியையோ கையுறையையோ பெறலாம் என்றது. அதுவரை குலுக்கல் பெட்டிகளை உடைத்து, அதிர்ஷ்டம் இருந்தால் மட்டுமே கத்தி கிடைத்துவந்தது. அருமை போனதும் விலை போயிற்று. இரண்டொரு நாளில் ஸ்கின் சந்தையின் மொத்த மதிப்பில் ஏறத்தாழ 200 கோடி டாலர் கரைந்ததாகச் செய்திகள் வந்தன.

பணத்தை இழந்த வணிகர்களுக்காக இரங்குவோர் இரங்கட்டும். நம்மைத் தொந்தரவு செய்ய வேண்டிய கேள்வி வேறு. விளையாட்டுத் துப்பாக்கிக்குப் பூசிய வண்ணம் பங்குச் சந்தைச் சரக்காக மாறியது எப்படி? அந்தச் சந்தையின் அடித்தளத்தில் காசு போட்டவர்கள் யார்? பெரும்பாலும் இளைஞர்கள், அவர்களில் மீசை முளைக்காதவர்களும் உண்டு.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆட்டக் களத்தில் ஆயுதத்தைத் திருத்திக்கொள்ளலாம், அழகுபடுத்திக்கொள்ளலாம். ஆனால் ஆயுதத்தின் வலிமையைக் காசுக்கு விற்பது அறமன்று. வலிமையோ அழகோ, எதுவானாலும் அதைக் குலுக்கல் பெட்டிக்குள் மூடிவைத்துச் சிறுவர்களிடம் விற்பது அதைவிடப் பெரிய பிழை.

ஆயுதத்தைத் திருத்துவது இந்த ஆட்டங்களின் உயிர்நாடி. பப்ஜியையும் அதன் இந்திய வடிவமான பிஜிஎம்ஐயையும் ஆடியவர்களுக்கு இது தெரியும். நூறு பேர் விமானத்திலிருந்து வெறுங்கையோடு குதிக்கிறார்கள். தரையில் கிடக்கும் எம்416 துப்பாக்கியை ஒருவன் எடுக்கிறான். அடுத்த வீட்டில் ஒரு ஸ்கோப், மாடியில் ஒரு கிரிப், எதிரியின் பெட்டியில் ஒரு காம்பன்சேட்டர் என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பொருத்துகிறான். சுடும்போது துப்பாக்கி எகிறுவதைக் காம்பன்சேட்டர் அடக்கும். அதைக் கழற்றிவிட்டுச் சைலன்சர் மாட்டினால் சத்தம் அடங்கும், எகிறல் அடங்காது. எதை வைப்பது, எதை விடுவது என்று கணத்தில் முடிவு செய்ய வேண்டும். ஆட்டம் முடிந்தால் எல்லாம் போய்விடும். அடுத்த ஆட்டத்தில் மறுபடியும் நூறு வெறுங்கைகள்.

2019-இல் வந்த கால் ஆஃப் டியூட்டி மாடர்ன் வார்ஃபேரின் கன்ஸ்மித் முறையும் ஒரு வகையில் நேர்மையானதே. ஒரு துப்பாக்கியில் ஐந்து இணைப்புகள் வரை பொருத்தலாம். நீண்ட குழல் தொலைவைக் கூட்டும், குறி பார்க்கும் வேகத்தைக் குறைக்கும். ஒன்றைப் பெற வேண்டுமானால் இன்னொன்றைக் கொடுக்க வேண்டும். இணைப்புகள் ஒவ்வொன்றாகத் திறப்பதும் அந்தத் துப்பாக்கியை ஆடிப் பழகப் பழகத்தான். இத்தகைய திருத்தத்தில் பயிற்சி இருக்கிறது, சிந்தனை இருக்கிறது. அதைப் பழிக்க அறநூல் எதிலும் இடமில்லை.

பழி தொடங்குவது கல்லாப்பெட்டி களத்துக்குள் நுழையும்போதுதான். 2015-இல் வெளிவந்த பிளாக் ஆப்ஸ் 3 ஆட்டத்தில் பின்னர் சேர்க்கப்பட்ட சில துப்பாக்கிகள் குலுக்கல் பெட்டிகள் வழியாகவே வந்தன. ஆடிச் சேர்த்தும் பெட்டி வாங்கலாம், காசு கொடுத்தும் வாங்கலாம். காசுள்ளவனுக்குக் குலுக்கல் வாய்ப்பு அதிகம். 2017 நவம்பரில் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரண்ட் 2 இன்னும் ஒரு படி போனது. வீரனின் ஆற்றலைக் கூட்டும், ஆயுதம் மீளும் நேரத்தைக் குறைக்கும் ‘ஸ்டார் கார்டு’கள் குலுக்கல் பெட்டிகளில் வைக்கப்பட்டன. பெட்டியைப் பணம் கொடுத்தும் வாங்கலாம் என்றது ஆட்டத்தை வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ். டார்த் வேடர் போன்ற ஒரு நாயகனைக் காசில்லாமல் பெற 60,000 புள்ளிகள் வேண்டும். அதற்கு நாற்பது மணி நேரம் ஆட வேண்டியிருக்கும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். எதிர்ப்பு வெடித்தது. புள்ளிகளை முக்கால் பங்கு குறைத்தார்கள். அதுவும் போதவில்லை. நவம்பர் 17 வெளியீட்டுக்கு முந்தைய நாள், பணம் கட்டும் வசதியையே நிறுத்திவைத்தார்கள். 2018 மார்ச்சில் ஸ்டார் கார்டுகளை ஆடித்தான் பெற முடியும் என்று மாற்றினார்கள்.

காசுக்கு வலிமை விற்பதில் என்ன தவறு? கபடிக் களத்தில், பணம் கட்டிய அணிக்கு மட்டும் ‘கபடி’ பாடிக்கொண்டே இடையில் ஒருமுறை மூச்சு வாங்க அனுமதி என்று நடுவர் அறிவித்தால், அதற்குப் பிறகு அங்கே நடப்பது கபடியாகுமா? இரு பக்கமும் ஒரே விதிக்குக் கட்டுப்படும்போதுதான் வெற்றி என்ற சொல்லுக்குப் பொருள் உண்டு. தோற்றவன் ‘அவன் என்னைவிடத் திறமைசாலி’ என்று ஒப்புக்கொள்ள முடிந்தால் அது போட்டி. ‘அவன் அப்பனிடம் காசிருக்கிறது’ என்று சொல்ல நேர்ந்தால் அது ஏலம்.

நம் முன்னோர் போரைப் பற்றி எழுதும்போதே இதைத் தெளிவாக வகுத்துவிட்டார்கள். மண்ணுக்காகவோ பொருளுக்காகவோ அல்லாமல், வலிமையை நிறுவுவதே நோக்கமாகப் பொருதும் போரைத் தொல்காப்பியம் தும்பைத் திணை என்று தனியே பிரிக்கிறது. இன்றைய இணையப் போர் ஆட்டங்கள் யாவும் தும்பைதான். அங்கே பிடிக்க மண் ஏதுமில்லை. வலிமையே பொருளாகிய போரில் வலிமையை விலைக்கு வாங்கினால் மிஞ்சுவது என்ன? பாண்டியன் முதுகுடுமிப் பெருவழுதி அம்பு விடுமுன் பசுக்களையும் பெண்டிரையும் நோயுற்றோரையும் பாதுகாப்பான இடம் சேருமாறு அறிவித்தான் என்று நெட்டிமையார் புறநானூற்றில் பாடுகிறார். தேரும் படையும் முடியும் இழந்து வெறுங்கையோடு நின்ற இராவணனை, இன்று போய் நாளை வா என்று அனுப்பிய இராமனைக் கம்பர் காட்டுகிறார். அந்த நிலையில் கொல்வது எளிது. எளிது என்பதாலேயே அது இழுக்கு. பகைவனுக்கு இடர் வரும்போது உதவுவதுதான் வீரத்தின் கூர்முனை என்கிறார் வள்ளுவர், படைச்செருக்கு அதிகாரத்தில். எதிரியின் கையில் ஆயுதம் இருக்க வேண்டும் என்று விரும்புவதே நம் மரபின் வீரம். எதிரியின் ஆயுதம் மழுங்கலாக இருக்கக் காசு கட்டுவது அந்த வீரத்தின் நேரெதிர்.

‘நாங்கள் வலிமையை விற்பதில்லை, அழகைத்தான் விற்கிறோம்’ என்று மற்றொரு சாரார் சொல்லலாம். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கின் ஸ்கின்கள் குண்டின் வேகத்தைக் கூட்டுவதில்லை என்பது உண்மை. பிஜிஎம்ஐயின் எம்416 கிளேசியர் ஸ்கின்னும் அடிப்படையில் அழகுதான். மேலும் மேலும் மேம்படுத்தினால், கொன்ற செய்தி தனி வடிவில் வரும், செத்தவனின் பெட்டியே கோலம் மாறும். ஆயுதத்தை அழகு செய்வதும் பழைய வழக்கமே. தொண்டைமானின் படைக்கொட்டிலில் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலோடு வைக்கப்பட்டிருந்த ஆயுதங்களை ஔவையார் கண்டார். எங்கள் அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போன்ற அந்தப் பேச்சுக்குள் எவ்வளவு பெரிய இகழ்ச்சி!

ஔவையார் இன்று ஸ்கின் சந்தைக்கு வந்தால் அவருக்குப் பாட நிறைய இருக்கும். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் ஒவ்வொரு ஸ்கின்னுக்கும் தேய்மானத் தரம் உண்டு. ஆலையிலிருந்து வந்த புதுக்கருக்கு மாறாதது முதல் தரம். போரில் வடுப்பட்டது கடைசித் தரம். பெரும்பாலும் முதல் தரத்துக்கே அதிக விலை, வடுப்பட்டதற்குக் குறைந்த விலை. அந்த வடுவும் ஆடிப் பெற்றதன்று. ஆயிரம் ஆட்டம் ஆடினாலும் புதியது தேயாது. பெட்டியிலிருந்து வரும்போதே தேய்மானம் எவ்வளவு என்று கணினி சீட்டுப் போட்டு முடிவு செய்துவிடுகிறது. அதியமானின் முனை முறிந்த வேல் இந்தச் சந்தையில் மலிவு. தொண்டைமானின் பீலி சூடிய வேலுக்குத்தான் கோடி. வீரத்தின் அளவுகோலையே தலைகீழாக்கிய வணிகத்தை வெறும் அழகுக் கடை என்று விட்டுவிட முடியுமா?

அதனினும் கொடியது பெட்டி. ஒரு பெட்டியைத் திறக்கும் சாவியின் விலை 2.49 டாலர். குலுக்கல் வாய்ப்பு விகிதங்களை வெளியிட வேண்டும் என்று சீனா 2017-இல் கட்டாயமாக்கிய பிறகுதான் உள்கணக்கு வெளியே வந்தது. நூற்றுக்கு ஏறத்தாழ எண்பது முறை கிடைப்பது கடைசித் தர நீல ஸ்கின். சிவப்பு கிடைக்க வாய்ப்பு 0.64 சதவீதம். கத்தி போன்ற அரிய பொருள் கிடைக்க 0.26 சதவீதம், அதாவது சராசரியாக 385 பெட்டிக்கு ஒன்று. சாவிச் செலவு மட்டுமே 950 டாலரைத் தாண்டும். இந்தக் கணக்கைத் திரை காட்டாது. திரையில் படங்கள் சரசரவென்று ஓடுகின்றன, டிக் டிக் என்ற ஒலியோடு வேகம் குறைகின்றன, பொன்னிறப் படம் கோட்டை நெருங்கி வந்து, மயிரிழையில் நழுவ, நீலம் வந்து நிற்கிறது. எந்தச் சூதாட்ட விடுதியிலும் சுழலும் இயந்திரம் செய்வதைத்தான் இதுவும் செய்கிறது. இன்னும் ஒரு சாவி வாங்கினால் கிடைத்துவிடும் என்று விரல் துடிக்கிறது.

இந்தத் துடிப்பை வள்ளுவர் அறிவார். சூது என்று தனி அதிகாரமே வகுத்தார். ஒன்றைப் பெறுவதற்காக நூற்றை இழப்பவர் சூதாடிகள் என்றார். வெற்றியே கிடைத்தாலும் அது மீன் விழுங்கிய தூண்டில் இரும்பு என்றார். இழக்க இழக்க ஆசை கூடும் என்றும் எச்சரித்தார். ஆத்திசூடியும் குழந்தைகளுக்குச் சொல்லும் நீதிகளில் ஒன்றாகச் சூதை விலக்கச் சொல்கிறது. நளனைப் போன்ற அரசனே சூதில் நாடிழந்து காட்டுக்குப் போன கதையைப் புகழேந்தி நளவெண்பாவில் பாடினார். தருமன் நாட்டையே பணயம் வைத்த இடத்தில், வாயிலைக் காக்க வந்தவனே வீட்டைத் தோற்பது போன்றது இது என்று பாரதி பாஞ்சாலி சபதத்தில் கொதிக்கிறார். அந்தக் கொதிப்பு இங்கும் பொருந்தும். ஆட்டத்தின் விதிகளைக் காக்க வேண்டியது ஆட்டத்தை நடத்தும் நிறுவனம். காவலாளியே களத்துக்குள் சூதாட்டப் பலகையைப் போட்டால் யாரிடம் முறையிடுவது?

எதிர்த் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. இலவசமாகக் கிடைக்கும் ஆட்டத்துக்கும் சர்வர் வேண்டும், ஊழியருக்குச் சம்பளம் வேண்டும். வளர்ந்தவர் தம் பணத்தில் தமக்குப் பிடித்ததை வாங்க உரிமை உண்டு. சட்டமும் ஒரே குரலில் பேசவில்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 ஏப்ரலில் இத்தகைய பெட்டிகளைச் சட்டவிரோதம் என்றது. நெதர்லாந்தில் ஃபிஃபா ஆட்டத்தின் பெட்டிகளுக்காக விதிக்கப்பட்ட ஒரு கோடி யூரோ அபராதத்தை அந்நாட்டின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2022-இல் ரத்து செய்தது. ஆனால் சட்டம் தண்டிக்காதது எல்லாம் அறமாகிவிடாது. பிழைக்க வேண்டும் என்பதற்காகப் பிழை செய்யலாம் என்று எந்த நீதி நூலும் சொல்லவில்லை. நன்மையே தருவதாயினும், நடுவுநிலை தவறி வரும் ஆக்கத்தை அன்றே கைவிடச் சொல்வது குறள். பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதிச் செய்வதே வாணிகம் என்பதும் குறள். கொள்வதை மிகையாகக் கொள்ளாமல், கொடுப்பதைக் குறையாமல் கொடுத்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அவர்கள் எதிரே நிற்க இந்தப் பெட்டி வணிகருக்குத் தகுதி உண்டா?

பிழைக்க வேறு வழியில்லை என்ற வாதமும் பொய். மாடர்ன் வார்ஃபேர் 2019-இல் குலுக்கல் பெட்டியைக் கைவிட்டு, இன்ன விலைக்கு இன்ன பொருள் என்று காட்டும் பேட்டில் பாஸ் முறைக்கு மாறியது, ஆட்டம் அழிந்துவிடவில்லை. பிரான்சில் பெட்டிக்குள் இருப்பதை வாங்குமுன்பே காட்டும் ஏற்பாட்டைக் கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கே செய்தது. மனமிருந்தால், அல்லது அரசு அழுத்தினால், மாற்ற முடிகிறது.

ஆன்லைன் ரம்மியால் குடும்பங்கள் சிதைந்த பிறகே தமிழ்நாடு சட்டம் செய்தது. பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கும் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தடை செய்தது. ஆட்டத்துக்குள் வைத்து விற்கும் குலுக்கல் பெட்டியை அந்தச் சட்டம் பெயர் சொல்லிக் குறிக்கவில்லை. இந்த முறையாவது இழப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வலிமை ஆடித்தான் பெறப்பட வேண்டும், அழகு நேர்விலைக்குத்தான் விற்கப்பட வேண்டும், குலுக்கல் பெட்டி பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோர் கண்ணில் படவே கூடாது என்று அரசு விதி செய்யட்டும்.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை துப்பாக்கி ஆட்டம் ஆடுகிறான் என்று மட்டும் பதறாதீர்கள். அவன் துப்பாக்கியில் மாட்டியிருப்பது தேடிக் கண்டெடுத்ததா, பழகிப் பெற்றதா, உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து குலுக்கி எடுத்ததா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். முதல் இரண்டும் விளையாட்டு. மூன்றாவது சூது, அதை இன்றே நிறுத்துங்கள்.