டீசல் கணக்கில் வராத ஆயிரம் ரூபாய்

“இந்த வருசம் இலங்கை நேவி படகு பிடிக்கிறது டபுள் ஆயிருச்சு” என்று கோட்டைப்பட்டினம் மீன்பிடித் தளத்தில் யாராவது சொன்னால், எதிலிருந்து டபுள் என்று கேட்ட பிறகுதான் கணக்கே தொடங்கும்.

அதைக் கேட்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் உதாரணம். 1995-இல் பிரிட்டனில் சில கருத்தடை மாத்திரைகளால் ரத்தம் உறையும் ஆபத்து இரண்டு மடங்காகும் என்று அறிவித்தார்கள். 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இனி இருவருக்கு வரும், விஷயம் இவ்வளவுதான். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின.

நம் விசைப்படகுக்கு இதே கணக்கு வேறு மாதிரி போகும். வாரம் மூன்று நாள் கடல். ஏப்ரல் 15-இல் தொடங்கும் 61 நாள் தடைக்காலம், புயல் எச்சரிக்கை, வேலைநிறுத்தம் எல்லாம் கழித்து வருடத்துக்கு நூறு தடவை என்று வைத்துக்கொள்வோம். ஒரு தடவை போனால் இலங்கைக் கடற்படையிடம் சிக்கும் வாய்ப்பு 2,000-இல் ஒன்று, சிக்கினால் திரும்பாத படகின் விலை 20 லட்சம். இரண்டுமே கணக்குக்காகச் சொல்லும் உத்தேச எண்கள். அப்படியானால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் டீசல், ஐஸ் செலவோடு கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் ரூபாய் சேர்கிறது. ஆபத்து இரட்டித்தால் இரண்டாயிரம். டீசல் பில்லுக்கு முன்னால் இது ஒரு தொகையா? அதனால்தான் படகு கிளம்பிவிடுகிறது.

ஆனால் பத்து வருடத்தில் ஆயிரம் தடவை. பழைய ஆபத்தில் ஒரு தடவையாவது சிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 39. இரட்டித்த ஆபத்தில் 63. 78 அல்ல, ஏனென்றால் சில படகுக்காரர்கள் இரண்டாம் முறையும் சிக்குவார்கள். சிக்கியவர் என்ற கணக்கில் அப்படிப்பட்டவர் ஒருவர்தான்.

அந்த இரண்டாயிரத்தை யாரும் தவணையாகக் கட்டுவதில்லை. வருடத்தில் இருபதில் 18 வீட்டுக்காரர்கள் ஒன்றும் கொடுக்காமல் தப்ப, மீதி இரண்டு வீடுகளில் மொத்தமாக விழுகிறது. இருபது படகுக்காரர்கள் தடவைக்கு இரண்டாயிரம் பொதுவில் போட்டால் வருடத்தில் 40 லட்சம் சேரும். இரட்டித்த ஆபத்தில் இருபது படகுக்கு வருடம் சராசரியாகப் போவதும் இரண்டு படகுதான், சரியாக 40 லட்சம். ஊர்காவற்றுறை நீதிமன்றம் சிக்கிய மீனவர்களின் காவலை நீட்டிக்க நீட்டிக்க யாழ்ப்பாணச் சிறையில் கழியும் நாட்களுக்கான கூலி இதில் சேரவில்லை. அதற்குத் தனியாகப் போட வேண்டும்.