விடத்தக்கது எது?

வெற்றியை அடைவதினும் அதன்மீதுள்ள பற்றை விடுவது அரிது.

பனித்தளத்தில் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் கலையில், ஜப்பான் வீரர் யுசுரு ஹன்யு 2014, 2018 ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்றார். 2022 பிப்ரவரியில் பெய்ஜிங்கில், நான்கரைச் சுற்றுத் தாவலை முயன்று வீழ்ந்தார்; நான்காமிடமே கிட்டியது. மீண்டும் போட்டியிடுவதா, ஓய்வதா என்னும் வினா எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில், 27 வயதில், போட்டிகளை விட்டார், பனித்தளத்தை விடவில்லை. தொழில்முறைக் கலைஞராக ஆடலைத் தொடர்ந்தார்.

நாமோ பரிசு கிட்டாதபோது பயிற்சியைக் கைவிடுகிறோம். பொறுப்பை இளையோரிடம் ஒப்படைக்க வேண்டிய காலத்தில் பதவியை இறுகப் பற்றுகிறோம். மானம் என்னும் கஷாயம் பிறரோடு ஒப்பிடுவதால் வளர்வது. விடத்தக்கது அதுவே, நற்பணி அன்று. இதனை உணர்ந்து ஒழுகுவோமாக!