கூட வாழும் உரிமை

மதுரை மாவட்டத்து டி. கல்லுப்பட்டிப் பக்கம் ஒரு கல்யாணம் என்றால் ஊரே சாட்சி. வந்தவர் யார், எந்த ஊர், யார் மகன், எவ்வளவு செய்தார் என்பதெல்லாம் மொய் நோட்டில் வரிசையாக ஏறிவிடும். வருஷங்கள் போன பின்னும் அந்த நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துப் புரட்டுவார்கள். யாருக்கு என்ன திருப்பிச் செய்ய வேண்டும் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. அப்படிப் பலர் அறிய நடந்த கல்யாணத்தை, மாப்பிள்ளை வெளிநாட்டில் நிரந்தரவாசியாக இருந்தால், பெண் இன்னொரு முறை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. சார்பதிவாளர் தந்த சான்றிதழ், தாலி கட்டும் போட்டோ, சேர்ந்து போன பயணத்தின் டிக்கெட், போனில் பேசியதற்கான பதிவு என்று ஒரு ஃபைல் நிறைய அடுக்கிக்கொண்டு விசா ஜன்னலுக்கு முன்னால் நிற்கிறாள்.

சான்று கேட்பதில் தவறில்லை. தன் எல்லைக்குள் யார் வரலாம் என்று பார்க்கும் பொறுப்பு எந்த நாட்டுக்கும் உண்டு. விசாவுக்காகவே நடக்கும் போலிக் கல்யாணங்களும் உண்டு. மனதை உறுத்துவது அதற்கு அடுத்த கட்டம்.

அமெரிக்காவில் நிரந்தரவாசத்துக்கான கிரீன் கார்டு வைத்திருப்பவர் மனைவிக்காக மனுப் போட்டால், வருஷத்துக்கு இத்தனை விசாதான் என்ற உச்சவரம்புக்குள் அவளுடைய முறை வர வேண்டும். அமெரிக்கக் குடிமகனின் மனைவிக்கு அந்த உச்சவரம்பு கிடையாது. முறை வரும்வரை ஒரு மாதம் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று விசிட்டர் விசா கேட்டால், 1952ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின் 214(பி) பிரிவு குறுக்கே நிற்கும். விண்ணப்பிப்பவர் குடியேறத்தான் வருகிறார் என்று அந்தப் பிரிவு முதலிலேயே எடுத்துக்கொள்கிறது. இல்லை என்று காட்டுவது அவர் பொறுப்பு. ஒரு மனுவில் 'அவரோடுதான் என் வாழ்க்கை' என்று நிரூபித்த பெண், இன்னொரு மனுவில் 'அவரை விட்டுத் திரும்பி வந்துவிடுவேன்' என்று நிரூபிக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பலமாக இருந்த அதே பாசம் இரண்டாவது மனுவுக்கு எதிரான ஆதாரமாகிவிடுகிறது. கனடாவின் சட்டம் இந்த இடத்தில் மனித மனதைக் கொஞ்சம் அறிந்தது. பின்னால் குடியேற விரும்புகிறவர் இப்போது வந்துவிட்டுத் திரும்பவும் கூடும், இரண்டும் முரண் இல்லை என்று அது ஒப்புக்கொள்கிறது.

இது இன்று வந்த பாடும் இல்லை. 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவின் கேப் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். அங்கே குடியிருந்த ஹசன் ஈசப்பின் மனைவி பாய் மரியம் நாட்டுக்குள் வர உரிமை இல்லை. பலதார மணத்தை அனுமதிக்கும் மதமுறைப்படி நடந்த கல்யாணம் அந்நாட்டுச் சட்டப்படி கல்யாணம் ஆகாது என்பது அதன் சாரம். கணவனோடு வருஷக்கணக்காகக் குடும்பம் நடத்திய இந்து, முஸ்லிம், பார்சிப் பெண்கள் ஒரே நாளில் சட்டத்துக்கு முன்னால் மனைவியர் அல்லாதவர் ஆனார்கள். அதற்குப் பிறகுதான் காந்தியின் சத்தியாகிரகத்தில் பெண்கள் சிறைக்குப் போகத் துணிந்து இறங்கினார்கள். காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்த பெண்கள், அநேகமாக எல்லோரும் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு, அனுமதிச் சீட்டு இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டினார்கள். நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தார்கள். சிறைக்குப் போன தில்லையாடி வள்ளியம்மை காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்துபோனார். அந்த வருஷமே இந்தியர் நிவாரணச் சட்டம் வந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர் மேல் போட்டிருந்த மூன்று பவுன் வரி ஒழிந்தது. ஒருதார முறையிலான இந்தியக் கல்யாணங்கள் ஏற்கப்பட்டன.

அந்தச் சட்டம் யாருக்கும் புதிதாகக் கல்யாணம் செய்துவைக்கவில்லை. முன்பே இருந்த உறவைப் பார்க்க மறுத்த அரசு, பார்க்கச் சம்மதித்தது, அவ்வளவுதான். அந்தச் சம்மதத்துக்கு ஒரு சின்னப் பெண்ணின் உயிர் போக வேண்டியிருந்தது.

இன்று, விசா கிடைத்துப் போய்ச் சேர்ந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று ஊரில் நினைக்கிறோம். அங்கே போனபின் வேலை பார்க்கப் பல சமயம் இன்னோர் அனுமதி வேண்டும். சிங்கப்பூரில் நிரந்தரவாசியின் மனைவி நீண்டகால வருகை அனுமதியில் தங்கலாம். வேலைக்குச் சேர மனிதவள அமைச்சின் அனுமதி தனி. அமெரிக்காவில் எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவர்களின் துணைவர்களுக்கு வேலை அனுமதி வந்ததே 2015 மே மாதத்தில்தான். அதுவும் எச்1பிக்காரர் கிரீன் கார்டு வரிசையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால் மட்டும். கனடாவுக்குள் இருந்தபடி மனுப் போட்டுக் காத்திருக்கும் துணைவருக்கு எந்த முதலாளியிடமும் வேலை பார்க்கலாம் என்ற ஓபன் ஒர்க் பெர்மிட் 2014 கடைசியில் வந்தது.

வேலை ஒரு மனிதருக்கு என்ன செய்கிறது என்பதை ஆழமாக யோசித்த ஒருவர் அதே கல்லுப்பட்டியில் வாழ்ந்தார். காந்தி நிகேதன் ஆசிரமத்தில் தம் கடைசிக் காலத்தைக் கழித்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டுக் காந்தியிடம் வந்து சேர்ந்தவர். 1960 ஜனவரி 30 அன்று மறைந்தார். உடம்புக்குச் சோறு எப்படியோ, மனிதனின் மேலான ஆற்றல்களுக்கு வேலை அப்படி என்பது அவர் கருத்து. 1973இல் வெளியான 'சிறியதே அழகு' நூலில் பொருளாதார அறிஞர் ஷூமாக்கர் அதை எடுத்துக்காட்டினார். குமரப்பாவின் கண்ணால் பார்த்தால், மதுரையில் நர்ஸாக வேலை பார்த்த பெண் அயல்நாட்டு அபார்ட்மெண்டில் வருஷக்கணக்காக முடங்கிக் கிடப்பதைச் சம்பள நஷ்டம் என்று மட்டும் எழுத முடியாது. நரம்பு தேடி ஊசி போட்ட கைப்பழக்கம் போகிறது. அம்மாவுக்கு ஆயிரம் ரூபாய் அனுப்பவும் இன்னொருவர் முகம் பார்க்க வேண்டியிருக்கிறது. புருஷன் நல்லவனாக இருந்தால் அது சங்கடத்தோடு நிற்கும்; கொடுமைக்காரனாக இருந்தால், விசாவும் அவன் பெயரில், காசும் அவன் கையில் என்னும்போது அவள் எங்கே போவாள்? மனைவி வேலை கிடைத்து முன்னே போக, கணவன் பின்னால் போகும் குடும்பங்களிலும் சும்மா இருப்பவரின் பாடு இதுதான்.

அரசுகளை மட்டும் சொல்லி நாம் ஒதுங்கிவிட முடியாது. சம்பந்தம் பேசும் இடத்தில் மாப்பிள்ளைக்கு பி.ஆர். என்ற நிரந்தரவாச உரிமை இருக்கிறதா, சொந்த வீடா, சம்பளம் எவ்வளவு என்றெல்லாம் விசாரிக்கிறோம். "எம்மகளுக்கு விசா வர எம்புட்டு நாளாகும்? போனதும் அவ வேலை பாக்கலாமா?" என்று கேட்கும் தகப்பன் அபூர்வம். பவுனுக்குக் கணக்குப் பேசுகிற நாம், அவள் தனியாகக் கழிக்கப் போகிற வருஷங்களுக்குக் கணக்குப் பேசுவதில்லை.

பட்டா, பதவி, பாஸ்போர்ட் எல்லாம் அரசு இருப்பதால் இருப்பவை. இருவர் சேர்ந்து வாழ்வதும், கை இருப்பவர் உழைப்பதும் அரசுகளுக்கு முன்பே இருந்தவை. அவற்றை அரசு நெறிப்படுத்தலாம். தான் கொடுத்த சலுகை என்று உரிமை கொண்டாட முடியாது. ஒருவரை நிரந்தரமாக இங்கே வாழலாம் என்று ஏற்றுக்கொண்ட நாடு, அவருடைய குடும்பத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டது. அலுவலகக் கோப்பில் தாமதம் என்று எழுதப்படும் வருஷம், வாழ்கிறவர்களுக்குக் கழிந்துபோன ஆயுள். முப்பது வயதில் சேர்ந்து இருந்திருக்க வேண்டிய காலத்தை நாற்பதில் யாரும் திருப்பித் தர முடியாது. அதனால் கல்யாணம் உண்மையானது என்று தெரிந்த பிறகு பொறுப்பு கைமாற வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து வாழ அவர்கள் காரணம் காட்ட வேண்டியதில்லை. அவர்களைப் பிரித்து வைப்பவர்கள்தான் காரணம் காட்ட வேண்டும்.