கிழித்த கை

போன கோடையில் என் தங்கையின் பெண் ஒரு மாதம் என்னோடு வந்து இருந்தாள். பத்து வயது. ஒரு மாலை அவளுக்காகப் போட்ட படம் 'தி பேரண்ட் ட்ராப்'. 1998இல் நான்ஸி மையர்ஸ் இயக்கி, டிஸ்னி ஸ்தாபனம் வெளியிட்டது. இம்மாதிரிப் படங்களைப் பற்றி நம் பத்திரிகைகளில் எழுதும் வழக்கமில்லை. பெர்க்மனையும் ரேயையும் பற்றி எழுதிப் பழகியவர்களுக்குக் குழந்தைகளின் சிரிப்புப் படம் விசாரத்துக்குரிய பொருளாகப் படுவதில்லை. எனக்கும் படவில்லை, அந்தப் பெண் ஒரு கேள்வி கேட்கும் வரை.

அமெரிக்காவில் ஒரு கோடை முகாம். சிறுமிகளுக்கானது. அங்கே வந்த இரண்டு பெண்கள் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கிறார்கள். ஒருத்தி கலிபோர்னியாவில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் அப்பாவிடம் வளர்ந்தவள். மற்றவள் லண்டனில் கல்யாண உடைகள் தயாரிக்கும் அம்மாவிடம். ஒருவரையொருவர் பிடிக்கவில்லை. குறும்பு முற்றிச் சண்டையாக, தண்டனையாக இருவரையும் ஒரு தனிக் குடிலில் சேர்த்துப் போட்டுவிடுகிறார்கள். ஒரு நாள் காற்றும் மழையும். ஜன்னலைச் சாத்த ஒருத்திக்கு மற்றவள் உதவப்போய்ப் பேச்சு தொடங்குகிறது. ஒருத்தியிடம் தான் பார்த்தேயிராத அம்மாவின் புகைப்படம், பாதி. மற்றவளிடம் அப்பாவுடையது, அதுவும் பாதி. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் கிழிசல் பொருந்துகிறது.

"மாமா, அந்தப் போட்டோவ யாரு கிழிச்சது?" என்றாள்.

"தானாக் கிழிஞ்சிருக்கும்மா. பழைய போட்டோதானே" என்றேன்.

அவள் என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படத்துக்குத் திரும்பிவிட்டாள். இந்தக் கட்டுரை என்னுடைய அந்தப் பதிலைப் பற்றியது.

கதை பழையது. ஜெர்மன் எழுத்தாளர் எரிஷ் கெஸ்ட்னருடையது. 1933 மே 10 அன்று பெர்லினில் நாஜிகள் எரித்த புத்தகங்களில் இவருடையவையும் இருந்தன. கூட்டத்தில் நின்று அதைப் பார்த்தவர். எழுதத் தடை விதிக்கப்பட்டிருந்த காலத்தில், 1942இல் கிடைத்த சிறிய இடைவெளியில், இந்த இரட்டையர் கதையைத் திரைப்படத்துக்கென்று யோசித்தார். மறுபடி தடை வந்தது. யுத்தம் முடிந்த பிறகு, 1949இல், நாவலாக வந்தது. 1950இல் யோசெஃப் ஃபான் பாக்கி அதைப் படமாக்கினார். இரட்டையராக நிஜ இரட்டையரே நடித்தார்கள். 1961இல் டிஸ்னிக்காக டேவிட் ஸ்விஃப்ட் எடுத்தபோது ஹேலி மில்ஸ் என்ற ஒரே சிறுமி இருவராகவும் நடித்தாள். 1998இல் லிண்ட்ஸே லோஹன். கெஸ்ட்னரின் ஏரிக்கரைக் குழந்தைகள் விடுதி அமெரிக்காவில் கோடை முகாம் ஆயிற்று. ஒரே பெண் எப்படி இருவராக நிற்கிறாள் என்று வியப்பதில் பார்ப்பவனின் கவனம் செலவாகிவிடுகிறது. எப்படிப் படம் பிடித்தார்கள் என்று கேட்கிறோம். எப்படி மனம் வந்தது என்று கேட்பதில்லை.

பிரிந்த இரட்டையர் சேர்வது நகைச்சுவை நாடகத்தின் மிகத் தொன்மையான சரடு. ப்ளாட்டஸில் திருவிழாக் கூட்டத்தில் ஒரு பையன் தொலைந்துபோகிறான். ஷேக்ஸ்பியரின் 'காமெடி ஆஃப் எர்ரர்ஸ்'ஸில் கப்பல் பாறையில் மோதி இரண்டாகப் பிளக்கிறது. ஒரு பிள்ளையோடு தகப்பன் ஒரு பக்கம், மற்றப் பிள்ளையோடு தாய் இன்னொரு பக்கம் மிதந்து போகிறார்கள். டிஸ்னி படத்தின் பாகப்பிரிவினை அச்சாக இதுதான். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஆனால் ஷேக்ஸ்பியரில் பிரித்தது கடல். தகப்பன் ஈஜியன் ஐந்து வருஷம் கிரேக்க தேசமெல்லாம் தேடி அலைந்து, கடைசியில் பகை நகரத்தில் காலடி வைத்து மரண தண்டனைக்கு ஆளாகிறான். அந்த நாடகத்தின் முடிவில் எல்லோரும் கட்டிக்கொள்ளும்போது யாரும் யாரையும் மன்னிக்க வேண்டியதில்லை. கடலை யார் மன்னிப்பது?

இந்தப் படத்தில் புயல் தலைகீழாக இருக்கிறது. காற்றும் மழையும் சேர்த்துவைக்கின்றன, பிரித்தவர்கள் மனிதர்கள். உட்கார்ந்து பேசி, ஆளுக்கு ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு, நடுவில் ஒரு சமுத்திரத்தையும் போட்டுக்கொண்டு, உனக்கு ஒரு சகோதரி இருக்கிறாள் என்பதைப் பதினொரு வருஷம் சொல்லாமல் இருந்தார்கள். இருவரில் ஒருவரும் தேடிப் போகவில்லை. இருந்தும் படத்தின் முடிவு மட்டும் கப்பல் உடைந்த கதையின் முடிவு. அணைப்பு, கண்ணீர், மறுமணம். விபத்துக்கென்று ஏற்பட்ட உருவத்தை எடுத்து ஒரு செய்கையின் மேல் போர்த்திவிட்டார்கள். என் ஆட்சேபம் இந்த இடத்தில் ஆரம்பிக்கிறது.

சாலமோன் ராஜாவின் தீர்ப்பு நமக்குத் தெரியும். குழந்தையை இரண்டாக வெட்டச் சம்மதிக்காதவள் தாய். ஜாதகக் கதையில் மஹோஸதன் கோடு கிழித்துக் குழந்தையை இரு பக்கமும் இழுக்கச் சொல்கிறான். அழுகை கேட்டுக் கையை விட்டவள் தாய். பிரெக்ட் இதைப் புரட்டி, பெற்றவளை இழுக்கவும் வளர்த்தவளை விடவும் வைத்தார். மூன்றிலும் ஒருத்தியாவது கையை விடுகிறாள். இந்தப் படத்தின் அம்மாவும் அப்பாவும் வெட்டுக்குச் சம்மதித்துத் தத்தம் பாதியை வாங்கிக்கொண்டவர்கள். இருவரும் அன்பானவர்கள் என்றே படம் காட்டுகிறது. அது பொய்யாகவும் தோன்றுவதில்லை. தங்களிடம் இருக்கும் பாதியின் மேல் அவர்களுக்கு உயிர்.

நான் விவாகரத்துக்கு எதிராகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். கெஸ்ட்னரே அந்த எளிய உபதேசத்தில் விழவில்லை. பெற்றோர் பிரிவதால் துன்பப்படும் குழந்தைகள் உண்டு, பிரியாமல் இருப்பதால் துன்பப்படும் குழந்தைகளும் உண்டு என்று கதையின் நடுவே நிறுத்திச் சொல்கிறார். குழந்தைகளின் புத்தகத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கக்கூடியவர்களுக்கும் அங்கேயே பதில் வைத்திருக்கிறார். என் தங்கையும் அவள் புருஷனும் பிரிந்தது சரி என்றே இன்றும் நினைக்கிறேன். இரண்டு பெரியவர்கள் சேர்ந்து வாழ முடியாமற்போவது குற்றமில்லை. அதைக் குழந்தையிடமிருந்து மறைத்து, மறைத்ததை அன்பென்று சொல்லிக்கொள்வது வேறு விஷயம்.

முகாமுக்கு இதில் ஒரு பங்கு உண்டு. கோடை முகாம் அமெரிக்கர்களுக்கு 1861இலிருந்தே தொடங்கும் ஒரு சம்பிரதாயம். பெற்றோர் இல்லாத இடம் அது. விசில், வரிசை, படுக்கை எண், மெஸ் மணி எல்லாம் உண்டு; வீட்டின் கதை மட்டும் அங்கே செல்லுபடியாகாது. வீட்டில் அம்மா சொன்னதுதான் சரித்திரம். முகாமில் ஒரு பெண் தன் சரித்திரத்தை இன்னொரு பெண்ணின் சரித்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. புகைப்படப் பாதிகள் அங்கே பொருந்தியதில் வியப்பில்லை. தண்டனைக் குடிலில் பொருந்தியது இன்னும் பொருத்தம். குழந்தைகள் செய்த குறும்புக்காவது அங்கே ஒரு தண்டனை இருக்கிறது.

பெரியவர்கள் செய்ததற்கு? அதற்கும் தண்டனை இருக்கிறது, ஆனால் அதை வாங்குபவர் வேறு. படத்தின் பிற்பகுதியில் இன்னொரு முகாம் வருகிறது. அப்பா, இரண்டு பெண்கள், அவர் கல்யாணம் செய்துகொள்ளவிருக்கும் இளம் பெண், எல்லோரும் மலைக்குப் போகிறார்கள். 1961 படத்தில் அவள் காலில் தேன் தடவிக் கரடிக் குட்டிகளை நக்கவிடுகிறார்கள். 1998 படத்தில் தூங்குகிறவளை மெத்தையோடு ஏரியில் மிதக்கவிடுகிறார்கள். முதல் முகாமில் ஒருவர்மேல் ஒருவர் பிரயோகித்த அதே குறும்புகள் இப்போது மூன்றாமவள் மேல். தியேட்டர் சிரிக்கிறது. நானும் சிரித்தேன். அவள் பணத்தாசை பிடித்தவள் என்று படம் முன்கூட்டியே நமக்கு அனுமதிச் சீட்டு கொடுத்திருக்கிறது. அவள்மேல் சொல்லப்படும் பெரிய குற்றம், கல்யாணமானதும் குழந்தையை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிடுவேன் என்கிறாள் என்பது. ஆனால் குழந்தையைக் கடல் கடந்து அனுப்பும் காரியத்தைப் பெற்றவர்கள் பதினொரு வருஷத்துக்கு முன்பே செய்து முடித்திருந்தார்கள். அவள் செய்ய நினைத்ததற்காக ஏரியில் மிதக்கிறாள். அவர்கள் செய்ததற்காக மறுபடி மாலை மாற்றிக்கொள்கிறார்கள்.

இதே இடத்தில் கெஸ்ட்னர் என்ன செய்கிறார் என்று பார்க்கலாம். அப்பா மணக்கவிருக்கும் பெண்ணின் வீட்டுக்கு லோட்டே தனியாகப் போகிறாள். என் அப்பாவை நீங்கள் கல்யாணம் செய்துகொள்ளக்கூடாது என்று நேருக்கு நேர் சொல்கிறாள். தேன் இல்லை, கரடி இல்லை. ஒன்பது வயதுக் குழந்தை தன் வழக்கைத் தானே பேசுகிறது. வழக்கு தோற்று, அப்பா தன் முடிவைச் சொன்னதும் ஜுரத்தில் விழுகிறாள். பிறகு பிறந்த நாளன்று இரட்டையர் கேட்கும் பரிசு, தங்களை இனிப் பிரிக்கக்கூடாது என்பது. பெற்றவர்கள் அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசிக்கிறார்கள். குழந்தைகள் வெளியே காத்திருக்கிறார்கள். எனக்கு அந்தப் புத்தகத்தில் முக்கியமானது அந்தச் சாத்திய கதவு. உள்ளே இருப்பவர்கள் தாங்கள் செய்ததன் முன்னால் நிற்கிறார்கள். வெளியே இருப்பவர்கள் யாரையும் பொறியில் சிக்கவைக்கவில்லை, கேட்டிருக்கிறார்கள். டிஸ்னி படத்தின் பெயரிலேயே பொறி இருக்கிறது. கேட்க வேண்டியதைத் தந்திரமாக மாற்றியதும், பதில் சொல்ல வேண்டியவர்கள் தந்திரத்தில் மாட்டிய வேடிக்கை மனிதர்களாகிவிட்டார்கள்.

தமிழில் இந்தக் கதை 1965இல் கிருஷ்ணன்-பஞ்சுவின் 'குழந்தையும் தெய்வமும்' ஆக வந்தது. குட்டி பத்மினி இருவராகவும் நடித்தாள். அதில் தம்பதியைப் பிரிப்பது பெண்ணின் தாயாருடைய பணத்திமிர். அமெரிக்கர்கள் குற்றத்தை வரப்போகும் மனைவியின் தலையில் கட்டினார்கள், நாம் மாமியாரின் தலையில். இரண்டிலும் தம்பதி சுத்தமாக வெளியே வருகிறார்கள். நம்முடைய தலைப்பு ஒரு படி மேலே போய்க் குழந்தையைத் தெய்வத்தின் பக்கத்தில் உட்காரவைக்கிறது. தெய்வம் எதையும் பொறுத்துக்கொள்ளும் என்பது நமக்குச் சௌகரியமான நம்பிக்கை.

இவ்வளவு பாரத்தை ஒரு சிரிப்புப் படம் தாங்குமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நகைச்சுவையின் தர்மம் சேர்த்துவைப்பது, விசாரணை அதன் வேலையில்லை என்பது அவர் கட்சி. பாதி ஒப்புக்கொள்கிறேன். எல்லாக் குற்றமும் கணக்குத் தீர்க்கப்பட்டுத்தான் மனிதர்கள் மறுபடி சேர்ந்து சாப்பிட உட்காருகிறார்கள் என்பதில்லை. பல வீடுகளில் மறதிதான் சோறு போடுகிறது. ஆனால் மறதி வேறு, மன்னிப்பு வேறு. மன்னிக்க வேண்டுமானால் முதலில் யாராவது, நீ எனக்கு இதைச் செய்தாய் என்று சொல்லியிருக்க வேண்டும். மற்றவர் ஆமாம் என்றிருக்க வேண்டும். அந்த இரண்டு வாக்கியங்களைத் தவிர்ப்பதற்காகவே படத்தின் அத்தனை சிரிப்பும் ஏற்பாடு செய்யப்பட்டிருப்பதாக எனக்குப் படுகிறது. அதைவிட மோசம், பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலையைக் குழந்தைகள் செய்துமுடித்துவிட்டு, அதற்காக நன்றியோடும் இருக்கிறார்கள்.

இனி என் பதில். தானாகக் கிழிந்திருக்கும் என்றேன். வினையை எடுத்துவிட்டு விளைவை மட்டும் வைத்தேன். தமிழில் இது சுலபம். 'கிழித்தது' என்பதைக் 'கிழிந்தது' ஆக்க ஓர் ஒற்று மாறினால் போதும். நான் குறை சொல்லும் படம் இரண்டு மணி நேரத்தில் செய்ததை நான் ஒரு சொல்லில் செய்திருக்கிறேன். நாங்களும் அந்தப் பெண்ணிடம் இப்படித்தான் பேசிவருகிறோம். அப்பா அம்மாவுக்கு ஒத்துப்போகவில்லை, வீடு மாறிப்போயிற்று, பள்ளிக்கூடம் மாறிப்போயிற்று. எல்லாம் ஆயிற்று, போயிற்று. யாரும் எதையும் செய்யவில்லை. கோர்ட்டுக்குத் தங்கையோடு மூன்று தடவை போனவன் நான். அவள் கல்யாண ஆல்பத்தைப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டதும் நான்தான். தங்கை போடச் சொல்லவில்லை. குழந்தை கண்ணில் படவேண்டாம் என்று நானே தீர்மானித்தேன்.

விடுமுறை முடிந்து அவள் கிளம்புகிற அன்று காலையில் ஆல்பத்தை இறக்கித் தூசி தட்டி மேஜைமேல் வைத்தேன். வெகு நேரம் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள்.

"இத யாரு மாமா மேல போட்டது?" என்றாள்.

"நான்தாம்மா" என்றேன்.

ஏன் என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அடுத்த லீவுக்கு வருவாள்.