விளையாட்டும் விதியும்

விதி என்னும் சொல்லுக்கு நமது மொழியில் இரண்டு பொருள்கள் உண்டு. தலையில் எழுதப்பட்டதென்றும் மாற்ற முடியாததென்றும் சொல்லப்படுவது ஒன்று. மனிதர் கூடி ஏற்படுத்திய சட்டதிட்டம் மற்றொன்று. முன்னதை எழுதியவனை எவரும் கண்டதில்லை. பின்னதை எழுதியவனுக்குப் பேரும் ஊரும் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக் கொண்டதனாலேயே நம் மக்கள் பல தலைமுறைகளாக மனிதன் எழுதிய சட்டத்தைத் தெய்வம் எழுதிய எழுத்தென்று நம்பி அடங்கிக் கிடந்தார்கள். இந்தக் குழப்பத்தைத் தெளிவிக்கக்கூடிய சாதனங்களுள் விளையாட்டும் ஒன்று என்பதே இங்கு நாம் சொல்லப் புகும் விஷயம். அதிலும் பெரியவர்கள் வெறுத்தும் பிள்ளைகள் விரும்பியும் வருகிற கணினி விளையாட்டையே நாம் எடுத்துக் கொள்ளுகிறோம்.

இதற்கும் ஒரு கட்டுரையா என்று முகஞ் சுளிப்போர் இருக்கலாம். ஈப்போ நகரத்திலும் பேராக்கின் பழைய தோட்டப்புறங்களிலும், "எந்நேரமும் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு கெட்டுப் போகிறான்" என்று பிள்ளைகளை நோவாத வீடு அரிது. அந்தக் கவலையை நாம் பரிகசிக்க மாட்டோம். ஆட்டத்தை அடக்க முடியாமல் அதற்கே அடிமையாகிவிடும் நிலையை உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ஆம் ஆண்டில் நோய்களின் வரிசையில் சேர்த்திருக்கிறது. உள்ளே இருப்பது இன்னதென்று காட்டாமல் காசுக்கு அதிர்ஷ்டப் பெட்டி விற்கிற ஆட்டங்களைப் பெல்ஜியம் தேசத்தார் 2018-ல் சூதாட்டச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தார்கள். கள்ளுக்கடையும் நான்கு நம்பர் லாட்டரியும் நம்மவர் கூலியை விழுங்கிய கதையை அறிந்த நாம் அவற்றுக்காக வாதாட வரவில்லை. நாம் பேசுவது வேறு இரண்டு வகை. ஒரு நகரத்தையோ பண்ணையையோ நாட்டையோ நாமே நடத்திப் பார்ப்பது பாவனை ஆட்டம். ஒரு கதைக்குள் நம்மை ஒரு பாத்திரமாக இருத்தி, "இப்போது நீ என்ன செய்வாய்?" என்று கேட்பது கதை ஆட்டம். இவை இரண்டிலும் நமக்குப் பிரியமானவை உண்டு. பிரியமிருந்தும் ஒப்ப முடியாதவையும் உண்டு.

இவ்வகைகள் மேல்நாட்டார் நேற்றுக் கொண்டுவந்த புதுமை என்று எண்ண வேண்டா. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக நம் முன்னோர் விரித்துவைத்த பரமபத சோபன படமும் ஒரு வாழ்க்கைப் பாவனைதான். புண்ணியம் ஏணியாகும், பாவம் பாம்பாகும், முடிவில் பரமபதம். ஒழுக்கத்தைப் போதிப்பதற்கென்றே செய்த ஆட்டம் என்பார்கள். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். அதில் ஆடுகிறவன் எந்தப் புண்ணியத்தைத் தானாகச் செய்கிறான்? எந்தப் பாவத்தை வேண்டாமென்று விலக்குகிறான்? தாயக்கட்டை உருண்டபடி ஏறுகிறான், உருண்டபடி இறங்குகிறான். தெரிந்தெடுக்க இடமில்லாத இடத்தில் ஒழுக்கம் எப்படி உண்டாகும்? தலையெழுத்துக்குத் தலையாட்டப் பழக்குவதைத் தவிர அந்தப் படம் கற்பிப்பது வேறொன்றுமில்லை.

அதே தமிழ் நாட்டின் திண்ணைகளிலும் பாறைகளிலும் கோடு கிழித்து ஆடப்பட்ட ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள். புலி மூன்று, ஆடு பதினைந்து. புலிக்கு ஆட்டைத் தாண்டிக் கொல்லும் உரிமை உண்டு. ஆட்டுக்கு அந்த உரிமை இல்லை. விதியே அநீதியாகத்தான் இருக்கிறது. ஆயினும் ஆடுகள் ஒன்றையொன்று அடுத்து நின்று இடைவெளியை அடைத்துவிட்டால் புலி அசைய வழியின்றிக் கட்டுண்டு போகிறது. இங்கே தாயக்கட்டை இல்லை, அதிர்ஷ்டம் இல்லை, புத்தியும் ஒற்றுமையுமே உண்டு. சங்கம் என்ற சொல்லைக் கேள்விப்படாத சிறுவனுக்கும் சங்கத்தின் பலத்தைக் காட்டக்கூடிய ஆட்டம் இது. ஆகவே ஆட்டம் நல்லதா கெட்டதா என்பது கேள்வியே அல்ல. அதன் விதியை எழுதியவன் யார், அது நம்மை யாருடைய இடத்தில் நிறுத்துகிறது என்பவையே கேள்வி.

இதற்கு மேல்நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் லிஸ்ஸி மேகி என்னும் பெண்மணி 1904-ல் "நிலச்சுவான்தார் ஆட்டம்" என்று பொருள்படும் பலகை ஆட்டம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். நிலத்தை ஒருவனே வளைத்துக் கொள்வதனால் ஏனையோர் எப்படித் தரித்திரராகிறார்கள் என்று காட்டுவதே அவர் நோக்கம். பிற்பாடு ஒருவன் கொழுக்க மற்றவர் அழியும் விதி ஒன்றும், எல்லோரும் சேர்ந்து வாழும் விதி மற்றொன்றுமாக அதற்கு இரண்டு விதித் தொகுதிகள் ஏற்பட்டன. அதிலிருந்து கிளைத்து 1935-ல் கம்பெனி ஒன்றால் விற்பனைக்கு வந்ததே இன்று உலகமெங்கும் ஆடப்படும் மோனோப்போலி. அம்மையாரின் உரிமையை அக்கம்பெனி 500 டாலருக்கு வாங்கிக் கொண்டது. எல்லோரும் வாழும் விதி மறைந்தது. பிறரை ஓட்டாண்டியாக்கும் விதி நிலைத்தது. எச்சரிக்கையாகப் பிறந்த ஆட்டம் ஆசை காட்டும் ஆட்டமாயிற்று.

நிற்க. பாவனை ஆட்டங்களுள் முன்னோடி என்று பெயர் பெற்றது 1989-ல் வில் ரைட் என்பவர் வெளியிட்ட சிம்சிட்டி. அதில் ஆடுகிறவர் ஒரு நகரத்தையே அமைக்கிறார். சாலை போடுகிறார், வரி விதிக்கிறார், வேண்டாத கட்டடத்தை இடிக்கிறார். காரணமின்றிக் காரியமில்லை என்பதை விளையாடிக்கொண்டே உணர்த்துவதில் அதற்கு ஈடு சொல்வது கடினம். வரியை ஏற்றினால் குடிகள் வெளியேறுகிறார்கள். மின்சாரம் அறுந்தால் தெரு பாழாகிறது. கிரகப் பலனுக்கு அங்கே வேலையில்லை. இதனால் அதை நாம் விரும்புகிறோம். ஆனால் அந்தக் காரண காரியங்களும் ஆகாயத்திலிருந்து விழுந்தவை அல்ல. ஜே பாரஸ்டர் என்ற அறிஞர் 1969-ல் நகரங்களைப் பற்றி எழுதிய நூலின் வழியைப் பின்பற்றி அவை அமைந்தன. ஏழைகளுக்கு மலிவான வீடு கட்டிக் கொடுப்பது நகரத்துக்கு நன்மையாகாது என்ற முடிவுக்கு அந்நூல் வந்தது. கணக்கில் அவர் முதலிலேயே புகுத்திய அனுமானங்களே அந்த முடிவைத் தந்தன என்று பலர் மறுத்தார்கள். ஒருவருடைய அபிப்பிராயம் கணக்கின் உடையை உடுத்திக் கொண்டால் இயற்கை நியதிபோலத் தோன்றிவிடுகிறது. இதை மறவாமல் ஆட வேண்டும்.

நம் சொந்த மண்ணுக்கே வருவோம். ஸ்வீடன் தேசத்துப் பாரடாக்ஸ் கம்பெனியார் 2022-ல் வெளியிட்ட விக்டோரியா 3 என்னும் ஆட்டம் 1836 முதல் 1936 வரையுள்ள உலகத்தை நடத்திப் பார்க்கச் சொல்லுகிறது. அதில் கட்டக்கூடியவற்றுள் ஒன்று ரப்பர் தோட்டம். பொத்தானை அழுத்தித் தோட்டம் எழுப்பலாம்; கூலிகள் தொகை தொகையாய் வந்து நிரம்புவார்கள்; அவர்களுடைய வாழ்க்கைத் தரம் ஓர் எண்ணாகத் தோன்றும். இதைப் பேராக் தமிழர் பார்க்கும்போது மற்றவர் காணாத ஒன்றைக் காண்பார். 1877-ல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. அந்த மரத்தின் சந்ததிக்காகவே நம் பாட்டன் பாட்டிமார் கப்பலேறினார்கள். இருளில் எழுந்து பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாய் நிரை நிரையாக நடந்து, மங்கில் சொட்டிய பாலைச் சுமந்தவர்கள் அவர்கள். 1920-களின் கடைசியில் முக்கியப் பகுதிகளில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்பது கூலி விதி. உலக வியாபாரம் மந்தப்பட்டபோது அதையும் குறைத்தார்கள். பலரைக் கப்பலேற்றி ஊருக்குத் திருப்பியனுப்பினார்கள். "எல்லாம் தலைவிதி" என்று லயத்தில் அழுதார்களே, அது தலைவிதியா? மேசையில் உட்கார்ந்து மனிதர் எழுதிய விதியல்லவா?

அந்த ஆட்டத்தை நாம் வெறுக்கவில்லை. வாழ்க்கைத் தரம் தாழ்ந்தால் ஜனங்கள் கொதிப்பதையும், வாக்குரிமையும் தொழிலாளர் சட்டமும் போராட்டத்தினால் வருவதையும் அது காட்டுகிறது. சட்டம் மாறக்கூடியது என்ற உண்மை அதில் இருக்கிறது. ஆனால் அது நம்மை எப்போதும் மேட்டுப் பங்களாவிலேயே உட்கார வைக்கிறது. அங்கிருந்து பார்த்தால் லயம் தெரியும். லயத்துக்குள் இருக்கும் முகம் தெரியாது. மனிதரை எண்ணாகக் காண்பது சில வேளை அவசியம். எண்ணாக மட்டுமே காண்பது கொடுமையின் முதற்படி.

எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் பல ஆண்டு உழைத்து 2016-ல் வெளியிட்ட ஸ்டார்டியூ வேலி நமக்கு மிகவும் இனிய ஆட்டம். பெரிய கம்பெனி வேலையில் சலித்த ஒருவர் பாட்டனார் விட்டுச் சென்ற பண்ணைக்குப் போய்ப் பயிரிடுகிறார், அக்கம்பக்கத்தாரோடு சிநேகமாகிறார். அதிலும் மரத்தில் பால் வடிக்கும் கருவி உண்டு. ஒருமுறை மாட்டிவிட்டால் நாட்கள் சென்று பிசின் தானே நிரம்பும். மழையால் கூலி போவதில்லை, அட்டை கடிப்பதில்லை, எடை குறைவென்று அதட்டக் கிராணியார் இல்லை. இளைப்பாறும் கற்பனைக்கு நாம் விரோதியல்லோம். ஆயினும் அந்த இனிமைக்கெல்லாம் அஸ்திவாரம் ஒரே விதியில் இருக்கிறது: நிலம் பாட்டனுடையது. பேராக்கில் எத்தனையோ பேருடைய பாட்டனும் நிலத்தைத் திருத்தினார், நிலம் அவருடையதாகவில்லை. தோட்டம் துண்டுபோட்டு விற்கப்பட்டபோதும், ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோதும், பேரப்பிள்ளைக்குக் கிடைத்தது பண்ணையல்ல, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமே. ஆட்டத்தில் ஒரே ஒரு விதியை மாற்றினால் சொர்க்கம் எவ்வளவு விரைவில் லயமாகிவிடுகிறது பாருங்கள்!

கதை ஆட்டங்களுக்கு வருவோம். இவற்றுள் நாம் முதலிடம் கொடுப்பது லூகாஸ் போப் என்பவர் 2013-ல் வெளியிட்ட பேப்பர்ஸ் ப்ளீஸ். கற்பனை நாடொன்றின் எல்லைச் சாவடியில் நாம் ஒரு சிறிய உத்தியோகஸ்தர். பத்திரங்களைச் சோதித்து ஆளை உள்ளே விட வேண்டும், அல்லது திருப்ப வேண்டும். சரியாக அனுப்பிய ஆளுக்கு இவ்வளவு என்று சம்பளம். அதில்தான் வீட்டாருக்குச் சோறும் மருந்தும். ஒரு நாள் ஒரு கணவன் வருகிறான். அவன் பத்திரம் சரி. அடுத்து நிற்பவள் அவன் மனைவி. அவளிடம் அனுமதிச் சீட்டில்லை. திரும்பிப் போனால் பிழைக்க மாட்டேன் என்கிறாள். விதிப்படி திருப்புவதா? விதியை மீறி விட்டுப் பழியை ஏற்பதா?

இந்தக் கேள்வி நமக்குக் கற்பனையன்று. 1957-ல் தேசம் சுதந்திரமடைந்த பின்னரும் பிரஜா உரிமைப் பத்திரம் பெறாமலிருந்த தோட்டத் தொழிலாளர் எத்தனை பேர்! 1969-ல் பிரஜையல்லாதவருக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பிறந்து வளர்ந்த தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறியவர் பல்லாயிரவர். சிவப்பு அடையாள அட்டையோடு முதுமையடைந்தவர்களை நாம் அறிவோம். அந்நாட்களில் ஒவ்வொரு சாளரத்துக்கும் பின்னே ஓர் உத்தியோகஸ்தர் இருந்தார். அவருக்கும் பிள்ளை குட்டிகள் இருந்தன. அவரைக் கொடியவர் என்று சொல்லிவிடுவது எளிது. ஆட்டத்திலே அவர் நாற்காலியில் உட்கார்ந்த பின்புதான், கொடுமை செய்வதற்குக் கொடியவர் தேவையில்லை, பசியும் பயமும் ஒரு விதிப்புத்தகமும் போதும் என்பது விளங்குகிறது.

நம் தமிழுக்குப் பெருமை தேடிய கதை ஆட்டமும் ஒன்றுண்டு. கனடாவின் டொராண்டோவிலிருந்து விசை கேம்ஸ் என்னும் சிறு குழுவினர் 2023-ல் வெளியிட்ட வெண்பா அது. கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயொருத்தி, சிதைந்துபோன தன் அம்மாவின் சமையற் குறிப்பைப் பார்த்து இட்டலி அவிக்கிறாள். அழிந்த எழுத்தை ஆடுகிறவரே ஊகித்து நிரப்ப வேண்டும். மகனோ தமிழை விட்டு விலகுகிறான். 2024-ல் பிரிட்டனின் பாஃப்டா சங்கத்தார் முதற்படைப்புக்கான பரிசை அதற்களித்தார்கள். அதில் வென்று தீர்க்க வேண்டிய எதிரி எவருமில்லை. ஒரு மொழி ஒரு வீட்டை விட்டு எப்படி மெதுவாக வெளியேறுகிறது என்பதைச் சமையற்கட்டிலிருந்தே காட்டிவிடுகிறார்கள்.

"எல்லாம் பாவனைதானே? திரையில் திருப்பி அனுப்பப்பட்டவள் சாகவுமில்லை, பிழைக்கவுமில்லை. இதில் ஒழுக்கம் எங்கே வந்தது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆட்டத்தில் தருமம் செய்தவன் தருமவானாகி விடுவதில்லை. காசில்லாமல் செய்த தானத்துக்குப் புகழ் வேண்டியதில்லை. நாடகத்தில் அழுதவன் தெருவில் பிச்சைக்காரனை விரட்டுவதை நாம் கண்டதுண்டு. ஆனால் நாடகம் நம்மைப் பார்க்கச் சொல்லுகிறது. ஆட்டம் நம்மைக் கையெழுத்திடச் சொல்லுகிறது. கையெழுத்திட்டவன், "விதி அப்படி, நான் என்ன செய்வேன்?" என்று சொல்லும்போது, அந்தச் சாக்கு எவ்வளவு எளிதாகத் தன் வாயிலேயே வந்துவிட்டது என்று வெட்கப்படுகிறான். ஒழுக்கம் முழுவதும் அந்த வெட்கத்தில் இல்லை. அதன் விதை அங்கே உண்டு.

1929-ஆம் ஆண்டு இறுதியில் பெரியார் ஈ. வெ. ரா. மலாயாவுக்கு வந்து ஈப்போத் தமிழரிடையேயும் பேசினார். தாழ்வு என்பது விதியல்ல, சிலர் சிலருக்காகச் செய்து வைத்த ஏற்பாடு என்பதே அவர் ஊரூராகச் சொன்னதன் சாரம். அந்தப் பாடத்தை இன்றைய பிள்ளைகள் மேடைப் பேச்சில் கேட்க மாட்டார்கள். கையிலுள்ள கருவியிலேயே கற்கக்கூடும். ஆகையால் தாய் தந்தையரே, பிள்ளை ஆடும்போது எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். கூடவே, "இந்த விதியை யார் எழுதினான்? நீ யாராக இருந்து ஆடுகிறாய்? தோற்பவன் எவன்?" என்றும் கேளுங்கள்.

இளைஞர்களே, கணினியில் விதி எழுதத் தெரிந்தவர்கள் உங்களிடையே இருக்கிறீர்கள். பங்களாவிலிருந்து பார்க்கும் தோட்டத்தை அயலார் எழுதிவிட்டார்கள். பெரட்டுக்களத்திலிருந்து பார்க்கும் தோட்டத்தை நீங்கள் எழுதுங்கள். மழை பெய்தால் கூலியில்லை என்ற விதியை அதில் எழுதுங்கள். பத்திரமில்லாதவன் தேசத்தை விட்டுப் போக வேண்டும் என்ற விதியையும் ஒளிக்காமல் எழுதுங்கள். பால் வெட்டிய பாட்டிமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள்; எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எத்தனை மரம் வெட்டினார்கள், எதைக் கேட்கப் பயந்தார்கள் என்று அவர்களிடமே போய்க் கேட்டு எழுதுங்கள். அவர்கள் கணக்கு வேறெந்தப் புத்தகத்திலும் இல்லை.