இல்லாதவனைப் பற்றிய பேச்சு

ஒரே கூரையின் கீழ் சேர்ந்து வாழ்கிறவர்கள், அந்த நேரத்தில் அங்கே இல்லாத இன்னொருவனைப் பற்றித் தம்முள் பேசிக்கொள்ளலாமா? கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிஷ் போன்ஹோஃபருக்கு அப்படித் தோன்றவில்லை. 1935இல் தான் பொறுப்பேற்ற போதகர் பயிற்சி இல்லத்தில் அவர் ஒரு விதி வைத்தார்: சகோதரன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேசக்கூடாது, பேச நேர்ந்துவிட்டால், பேசியதை அவனிடமே போய்ச் சொல்லிவிட வேண்டும்.

ஹிட்லருக்கு இணங்கிப்போன சபை நிர்வாகத்தை ஏற்க மறுத்த புராட்டஸ்டண்டுகள் தனியாக நடத்திய இல்லம் அது. முதல் சில வாரங்கள் பால்டிக் கரையில் ஸிங்ஸ்ட் என்ற ஊரில். பிறகு ஸ்டெட்டின் நகரை ஒட்டிய ஃபிங்கன்வால்டெயில். (இன்று அந்த இடம் போலந்தில் இருக்கிறது.) இதற்குச் சற்று முன்புதான் போன்ஹோஃபர் இந்தியா வந்து காந்தியுடன் ஆசிரமத்தில் தங்க விரும்பினார். காந்தியும் 1934 நவம்பரில் வரச்சொல்லி எழுதினார். பயணம் வாய்க்கவில்லை. கூட்டு வாழ்க்கையைக் காந்தியிடம் பார்த்துத் தெரிந்துகொள்ள நினைத்தவர் அதைத் தானே நடத்திப் பார்க்கவேண்டியதாயிற்று.

காலையிலும் இரவிலும் நீண்ட வழிபாடு. காலை வழிபாடு முடியும்வரை யாரும் வாய் திறப்பதில்லை. பிறகு அரைமணி நேரம் மௌன தியானம். வாரம் முழுக்க ஒரே வேதபாகம். சிலர் தூங்கினார்கள். சிலர் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள். வெளியே இருந்த கார்ல் பார்த்துக்கே இதில் மடத்து வாடை அடித்தது. இந்த மௌனத்தையும் தியானத்தையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது சமையலறைச் சம்பவம். பாத்திரம் துலக்க ஆள் வேண்டும் என்று உள்ளிருந்து கேட்டபோது ஒருவரும் எழவில்லை. போன்ஹோஃபர் பேசாமல் எழுந்து போனார். பின்னால் வந்தவர்களை உள்ளே விடாமல் தானே எல்லாவற்றையும் துலக்கினார். பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அழகான செய்கைதான். ஆனாலும், தினமும் பாத்திரம் துலக்குகிறவளுக்கு யாரையும் உள்ளே விடாமல் கதவை அடைத்துக்கொள்ளும் சௌகரியம் கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். அன்று பேசாமலே கண்டிக்கிற அதிகாரம் அந்த வீட்டில் ஒருவரிடம்தான் இருந்தது.

விதிக்கு வருகிறேன். அதன் அருமை எழுத்துலகில் புழங்குகிற நமக்குப் புரியாமல் போகாது. டீக்கடையில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாமவனை அறுத்துப் போடுகிறோம். அவன் வந்ததும் அவன் கவிதையை விசாரிக்கிறோம். இந்தப் பேச்சில் கிடைக்கும் நெருக்கம் இல்லாதவன் செலவில் வாங்கிய நெருக்கம். அதை மறுத்துவிட்டு ஒரு வீடு ஒன்றாக வாழ முடியுமா என்று போன்ஹோஃபர் சோதித்தார். விதி அடிக்கடி மீறப்பட்டது. மீறியதைப் போய்ச் சொல்வதில் பிரசங்கங்களில் கற்ற அளவுக்குக் கற்றதாக மாணவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தார்கள். இருபது சொச்சம் இளைஞர்கள், ஏறத்தாழச் சமமானவர்கள், வெளியே கெஸ்டபோ. அந்த இடத்தில் இந்த விதி அவர்களைக் காப்பாற்றியது என்றே நினைக்கிறேன்.

சமமில்லாத இடத்தில்? நான் வேலை பார்க்கும் வங்கியில் மேலாளரைப் பற்றிய புகாரையும் மேலாளர் மூலமாகத்தான் அனுப்பவேண்டும். நேருக்கு நேர் சொல்லும் நேர்மை என்று இதற்குப் பெயர் வைக்கலாம். நடப்பில் புகார் எழுதப்படுவதே இல்லை.

இதைவிடக் கனமான உதாரணம் பிரான்சில் இருக்கிறது. 1964இல் ட்ரோலி-ப்ரோய் கிராமத்தில் ஜான் வானியே அறிவு வளர்ச்சி குன்றியவர்களோடு ஒரே வீட்டில் வாழத் தொடங்கினார். லார்ஷ் என்ற பெயரில் அந்த வீடு பல நாடுகளில் பெருகியது. சேர்ந்து சமைப்பது, உண்பது, ஜெபிப்பது என்ற அந்த வாழ்க்கை போலியல்ல, இன்றும் நடக்கிறது. வானியே 2019இல் இறந்தார். ஆன்மீக வழிகாட்டல் என்ற போர்வையில் அவர் குறைந்தது 6 பெண்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார் என்று 2020இல் லார்ஷ் தானே ஏற்பாடு செய்த விசாரணை சொன்னது. 2023இல் வந்த விரிவான அறிக்கையில் எண்ணிக்கை 25க்குக் குறையவில்லை. இந்தப் பெண்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்லர். என்னை நிறுத்தியது முதல் விசாரணையின் ஒரு தகவல்: அந்த ஆறு பேருக்கும் மற்றவர்களுக்கு நேர்ந்தது தெரியாது. சொன்ன விவரங்களோ ஒத்திருந்தன.

லார்ஷில் போன்ஹோஃபரின் விதி இல்லை. ஆனால் அந்த விதி நல்ல வீடு என்று எதைக் கருதுகிறதோ, அதுவே இங்கே வேறு வழியில் வந்து சேர்ந்திருந்தது: மதிக்கப்படும் ஒருவரைப் பற்றி அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேர் பேசிக்கொள்ளாத வீடு. அங்கே இரண்டு பெண்கள் சமையலறையில் குரலைத் தாழ்த்தி அவரைப் பற்றிப் பேசியிருந்தால் அதை வம்பு என்று யார் சொல்வது? ஒருத்தி தனக்கு நேர்ந்ததற்குப் பெயர் கண்டுபிடிக்க இன்னொருத்தியின் காது வேண்டியிருக்கிறது. அவரிடமே போய்ச் சொல் என்று அவளை அனுப்புவது குரூரம்.

போன்ஹோஃபருக்கு இது அடியோடு தெரியாது என்று சொல்ல முடியாது. மாணவர்கள் ஒருவரிடம் ஒருவர் பாவ அறிக்கை செய்யலாம் என்று சொன்னவர், தன் அறிக்கையைக் கேட்க ஒரு மாணவனையே உட்கார வைத்தார். தலைவன் தன் அழுக்கைக் கீழே இருக்கிறவன் கையில் கொடுத்தான். இதை வைத்து அந்த விதியை நியாயப்படுத்த எனக்கு ஆசைதான். ஆனால் அறிக்கையும் இரண்டு பேருக்குள் அடங்கிவிடுகிற பேச்சு. மூன்றாமவன் அதைக் கேட்பதற்கில்லை.