பிறர் துன்பம் நம் துன்பமாவது எப்படி?

1892-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து புனே செல்லும் ரயிலில் இளந்துறவி ஒருவர் ஏறினார். வழியனுப்ப வந்த குஜராத்தி அன்பர்கள், அதே வண்டியில் பயணம் செய்த பால கங்காதர திலகரிடம் அவரை அறிமுகம் செய்து, புனேயில் தம் இல்லத்தில் தங்கவைத்துக்கொள்ளுமாறு வேண்டினர். பெயரைக் கேட்டபோது, தாம் ஒரு சந்நியாசி என்பதற்கு மேல் அவர் எதுவும் கூறவில்லை. கையில் பணம் கிடையாது. ஒரு மான்தோல், ஓரிரு துணிகள், கமண்டலம் ஆகியவையே உடைமை. எட்டுப் பத்து நாட்கள் தம் விருந்தினராக இருந்தவர் சுவாமி விவேகானந்தர் என்பதை, சிகாகோ சர்வமத மகாசபைச் செய்திகள் வந்த பின்னரே திலகர் ஊகித்தறிந்தார். கீதை செயலைத் துறக்கச் சொல்லவில்லை, பயனில் பற்றின்றிச் செயலாற்றவே சொல்கிறது என்பதில் தாங்கள் இருவரும் அப்போது மனமொத்திருந்ததை அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின், மாண்டலே சிறையில் அதே கருத்தைத் திலகர் ஒரு பெருநூலாக எழுதலானார். அதுவே ‘கீதா ரகசியம்’. அந்நூலில் அவர் நம் ஆசாரியர்களோடு மட்டும் வாதிடவில்லை. மேல்நாட்டுச் சிந்தனையாளர் பலரையும் அழைத்து வந்து பேசவைக்கிறார். அவர்களுள் ஒருவர் ஆர்தர் ஷோபன்ஹவர் என்ற ஜெர்மானியத் தத்துவ ஞானி.

ஷோபன்ஹவர் 1788-இல் பிறந்து 1860-இல் மறைந்தவர். இந்திய மண்ணை மிதித்ததில்லை, சம்ஸ்கிருதமும் அறியார். முகலாய இளவரசர் தாரா ஷுகோ 1657-இல் பாரசீகத்தில் பெயர்க்கச் செய்த ஐம்பது உபநிடதங்களை, ஆங்க்தீல் துப்பெரோன் என்ற பிரெஞ்சு அறிஞர் லத்தீனில் மொழிபெயர்த்து 1801, 1802-இல் வெளியிட்டார். மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பான அந்த நூலே ஷோபன்ஹவரின் கைக்குக் கிடைத்தது. இரு திரைகளுக்கு அப்பாலிருந்து வந்த ஒளியே வாழ்நாள் முழுவதும் அவருக்கு ஆறுதலாயிற்று. தாம் வளர்த்த நாய்க்கு அவர் ‘ஆத்மா’ என்று பெயரிட்டிருந்தார்.

மனித இயல்பைப் பற்றி அவர் கண்டது கசப்பானது. மனிதனை நடத்துவது அறிவன்று, இச்சை. அறிவு அதன் ஊழியன் மட்டுமே. வேண்டியது கிடைக்காதவரை துன்பம், கிடைத்தபின் சலிப்பு, உடனே அடுத்த வேட்கை. இதைத் திலகர் ஒரு பின்னக் கணக்காக விளக்குகிறார். அனுபவித்த இன்பம் மேல் எண். விரும்பிய இன்பம் கீழ் எண். மேல் எண் ஒன்று கூடும்போது கீழ் எண் பலவாகக் கூடுகிறது. அப்படியானால் மனிதன் எப்போது நிறைவடைவான்? மகனிடம் இளமையைக் கடன் வாங்கியும் ஆசை தீராத யயாதியின் கதையையும் திலகர் அவ்விடத்தில் எடுத்துக்காட்டுகிறார். மேல்நாட்டு ஞானி வந்து கூறித்தான் நாம் இதை அறிய வேண்டும் என்பதில்லை.

இந்தச் சுழலிலிருந்து சற்றே இளைப்பாற ஷோபன்ஹவர் காட்டும் இடம் கலை. அழகில் ஆழ்ந்திருக்கும் வேளையில் இச்சை அடங்குகிறது. காண்பவன் தன்னை மறந்து தெளிந்த கண்ணாடியாகிறான். கலைகளுள் இசைக்கே அவர் முதலிடம் தந்தார். புனேவாசிகளுக்கு இது அனுபவத்தில் தெரிந்த செய்தி. பண்டித பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953-இல் அங்கே தொடங்கிய சவாய் கந்தர்வ இசைவிழாவில், முற்காலத்தில் இரவெல்லாம் கச்சேரி நடக்கும். மார்கழிக் குளிரில் போர்வையுடன் அமர்ந்திருந்த ரசிகர்கள், விடிந்ததே தெரியாமல் கரைந்திருப்பார்கள். ஆயினும் பந்தலை விட்டு வெளியே வந்து செருப்பைத் தேடும்போது ‘என்னுடையது’ என்ற எண்ணம் திரும்பி வந்துவிடுகிறது! உறக்கத்தில் அகங்காரம் ஒடுங்குவதைப் போன்றதே இதுவும், ஒடுங்கியது அழியவில்லை. கலை தருவது இடைவேளையே என்பதை ஷோபன்ஹவரும் அறிந்திருந்தார்.

அறத்தைப் பற்றி அவர் எழுப்பிய வினா இன்னும் கூர்மையானது. அறத்தின் அடிப்படை பகுத்தறிவு இடும் கட்டளை என்று காண்ட் கூறியதை அவர் ஏற்கவில்லை. மனிதனைச் செயலுக்குத் தூண்டுபவை சுயநலம், பிறருக்குத் தீங்கு நினைத்தல், கருணை ஆகிய மூன்றே என்றும், அவற்றுள் கருணை ஒன்றுக்கே அறமதிப்பு உண்டு என்றும் வாதிட்டார். அவ்வாதத்தைப் பரிசுப் போட்டிக்கு அனுப்பியபோது, வந்தது அவருடைய ஒரே கட்டுரையாக இருந்தும், டென்மார்க் அறிவியற் கழகம் 1840-இல் பரிசளிக்க மறுத்துவிட்டது. ஆனால் அவ்வினா மறையவில்லை: சுயநலமே இயல்பாக உடையவன், பிறன் நோவைத் தன் நோவாக எப்படி உணர்கிறான்?

1897-இல் புனேயைப் பிளேக் நோய் சூறையாடியது. ஜோதிராவ் புலேயின் மனைவி சாவித்ரிபாய், மருத்துவரான தம் வளர்ப்பு மகனுடன் ஊருக்கு வெளியே சிகிச்சைக்கூடம் நடத்தி நோயாளிகளைப் பேணினார். அப்போது அவருக்கு வயது அறுபத்தாறு. முண்ட்வா பகுதியில் நோயுற்றுக் கிடந்த சிறுவனை அவர் தம் முதுகில் சுமந்து வந்தார். அதனால் நோய் தொற்றி, மார்ச் 10 அன்று உயிர் நீத்தார். பிளேக் எப்படிப்பட்டதென அந்நகரில் அறியாதவர் இல்லை. இலாப நட்டக் கணக்குப் பார்த்திருந்தால் அச்சிறுவனை நெருங்கியிருக்க முடியாது. அக்கணத்தில் ‘நான்’, ‘அவன்’ என்ற சுவர் அங்கே எழவில்லை.

அந்தச் சுவரே மாயை என்றார் ஷோபன்ஹவர். விடையைச் சாந்தோக்கிய உபநிடதத்தின் ‘தத் த்வம் அஸி’ என்ற மகாவாக்கியத்தில் கண்டார். விலங்குகளிடம் கருணை காட்டாத அறநெறியைக் கடிந்தும் எழுதினார். நீரின்றிக் காய்ந்த பயிருக்கும் இரங்கிய வள்ளலாரின் நாட்டினருக்கு இது புதிதன்று. அவர் வழிவந்த பேராசிரியர் பால் டாய்சன் 1893 பிப்ரவரியில் பம்பாயில் உரையாற்றியபோது, அயலானைத் தன்னைப்போல் நேசிக்குமாறு விவிலியம் கட்டளையிடுகிறது, ஏன் நேசிக்க வேண்டும் என்பதற்கு வேதமே காரணம் கூறுகிறது, அயலான் நீயேதான் என்று விளக்கினார். 1896-இல் கீல் நகரில் சுவாமிஜி டாய்சனைச் சந்தித்தார். சென்னையிலிருந்து வெளிவந்த ‘பிரம்மவாதின்’ இதழில் அவரைப் பாராட்டி எழுதினார்.

எனினும் ஷோபன்ஹவரைச் சுவாமிஜி முழுதும் ஏற்கவில்லை. இச்சை மனத்தின் எல்லைக்குள் அடங்குவது. அதையே பரம்பொருளாகக் கொள்ள இயலாது என்று அவர் மறுத்தார். பிரிவு தொடங்கும் இடம் இதுவே. உலகின் வேர் குருட்டு வேட்கை என்றால், அதை அணைப்பதைத் தவிர மனிதன் செய்யத்தக்கது வேறில்லை. வேர் சச்சிதானந்தம் என்றால், ஒவ்வோர் உயிரும் தொண்டு செய்வதற்குரிய கோயிலாகிறது. ஷோபன்ஹவரின் வாழ்விலும் இக்குறை தெரிகிறது. பெர்லினில் 1821-இல், தம் அறை வாசலில் பேசிக்கொண்டிருந்த தையற்காரப் பெண்ணைப் பிடித்துத் தள்ளிக் காயப்படுத்தி, அவள் இறக்கும்வரை உதவித்தொகை செலுத்த நேர்ந்தது. தத்துவ ஞானி மகானாக வாழ வேண்டிய கட்டாயம் இல்லை என்பது அவர் கொள்கை. நம் மரபு அவரிடமிருந்து மிகவும் விலகி நிற்பது இங்கேதான்.

ஆசையின் கணக்கு தீராது என்பதைத் திலகர் ஒப்புக்கொள்கிறார். அதனால் செயலைத் துறக்க வேண்டும் என்ற முடிவை ஒப்பவில்லை. நிறைவின்மை உயர்வுக்கும் வித்தாகலாம். களைய வேண்டியது பயனில் கொண்ட பற்று மட்டுமே என்பது அவர் துணிபு.

அதைச் சோதிக்கும் வாய்ப்பு அவருக்கே வந்தது. சிறையில் அவருக்குப் பென்சில் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. 1910-11 குளிர்காலத்தில் சில மாதங்களில் எழுதி முடித்தார். 1914-இல் விடுதலையானபோது கையெழுத்துப் படிகள் அரசிடமே இருந்தன. அவை திரும்பக் கிடைக்குமா என்று நண்பர்கள் கலங்கினர். நோட்டுப் புத்தகங்கள் அரசிடம் இருந்தாலும் நூல் தம் மனத்தில் இருப்பதாகவும், மீண்டும் எழுதிவிடலாம் என்றும் திலகர் அமைதியாகக் கூறினாராம். படிகள் பின்னர் வந்து சேர்ந்தன. 1915 ஜூனில் புனேயில் ‘கீதா ரகசியம்’ அச்சேறியது.